சின்ன ஹாலில் மந்திரவாதி பிறந்தநாள்

கேள்வி: மகனுக்கு 7 வயதாகிறது. மந்திரவாதி மாதிரி பிறந்தநாள் வேண்டும் என்கிறான். பத்துப் பிள்ளைகள் வருவார்கள். ஹாலோ சின்னது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: ஹால் சின்னதாக இருப்பது நல்லதுதான் அம்மா. திரைச்சீலையை இழுத்துவிட்டால் சட்டென்று இருட்டிவிடும். சீரியல் விளக்கு போதும், மெழுகுவர்த்தி வேண்டாம்.

என் பேத்திக்குப் போன வருடம் நான் செய்தது சங்குப்பூ. ஒரு கைப்பிடி நீலச் சங்குப்பூவை வெந்நீரில் போட்டு, நிறம் இறங்கியதும் வடிகட்டி ஆறவைத்தேன். ஆளுக்கு அரை டம்ளர் கொடுத்து, எலுமிச்சையைப் பிழியச் சொன்னேன். நீலம் ஊதாவாக மாறியதும் பிள்ளைகள் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது! எல்லாம் புளிப்பு செய்யும் வேலை. சர்க்கரை சேர்த்தால் குடித்தும் விடலாம். அப்புறம் மஞ்சள் தண்ணீரில் சோடா உப்பு போடுங்கள், ஆரத்தி போலச் சிவக்கும். இதை மட்டும் குடிக்க விடாதீர்கள்.

தொப்பிக்கு, கறுப்பு சார்ட் பேப்பரில் 34 செ.மீ. ஆரமுள்ள கால்வட்டம் வெட்டிச் சுருட்டி ஒட்டுங்கள். அந்த வயதுத் தலைக்குச் சரியாக இருக்கும். மந்திரக்கோலுக்குச் செய்தித்தாளை இறுக்கி உருட்டலாம். ஈர்க்குச்சி கண்ணில் குத்திவிடும். முதல் நாளே மகனையும் உட்காரவைத்து உருட்டச் சொல்லுங்கள்.