பூட்டிய பூங்கா, திறந்த பூங்கா: கொள்ளைநோய்க் காலப் பராமரிப்பு பற்றிக் கேள்வி பதில்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கத்துக் குடியிருப்போர் சங்கங்களும் நடைப்பயிற்சிக் குழுக்களும் கேட்ட கேள்விகள் இவை. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பூட்டிய பூங்காக்கள் தமிழ்நாட்டில் செப்டம்பர் 1-இல்தான் திறந்தன. 2021 மே மாதம் மறுபடியும் பூட்டு. அந்த ஜூனில் ஊரடங்குத் தளர்வு குறைவாகக் கிடைத்த 11 மாவட்டங்களில் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர், நீலகிரி எல்லாமே இருந்தன. இனி ஒருமுறை அப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்பதே கேட்டவர்கள் எல்லோரின் கவலையும்.

சாய்பாபா காலனி, நடைப்பயிற்சிக் குழு: கூட்டம் குறையோணும்னா பூங்கா நேரத்தைக் குறைக்கறதுதானுங்களே சரி? காலைல 6 மணியிலிருந்து 9 வரைக்கும்னு வெச்சாப் போதுமுங்களா?

நேரத்தைக் குறைத்தால் கூட்டம் கூடத்தான் செய்யுமுங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. உங்கள் பூங்காவுக்குக் காலையில் 600 பேர் வருகிறார்கள், ஒருவர் 45 நிமிடம் நடக்கிறார் என்று வையுங்கள். 3 மணி நேரம் திறந்தால் 4 சுற்று ஆட்கள். ஒரே நேரத்தில் 150 பேர் உள்ளே. அதே பூங்காவை 5 மணி முதல் 10 மணி வரை திறந்தால் ஒரு நேரத்தில் 90 பேர்தான்.

பாதை எத்தனை பேரைத் தாங்கும் என்பதையும் முதலில் அளந்துவிடுங்கள். 400 மீட்டர் சுற்றுப்பாதையில் முன்னால் போகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் 4 மீட்டர் விட்டால் 100 பேர். அதற்கு மேல் ஆள் ஏறினால் வரிசை நெருங்கி, முந்திப் போகிற தள்ளுமுள்ளு ஆரம்பித்துவிடும். அரசாணை 3 மணி நேரம்தான் என்று சொன்னால் மீற முடியாது. அப்போது வீதிவாரியாக நாளைப் பிரித்துக் கொடுப்பதுதான் வழி.

பீளமேடு, சங்கச் செயலாளர்: 100 பேர்னு எண்றது யாருங்க? டோக்கன் கொடுத்தா அதையே எல்லாரும் தொடுவாங்களே?

டோக்கன் வேண்டாம். வாட்ச்மேன் பக்கத்தில் இரண்டு வாளி, 100 கூழாங்கல். ஒருவர் உள்ளே போனால் இடது வாளியிலிருந்து ஒரு கல் வலது வாளிக்கு, வெளியே வந்தால் திரும்ப இடதுக்கு. இடது வாளி காலியானால் கேட்டில் கயிறு. கல்லைத் தொடுவது வாட்ச்மேன் ஒருவர் மட்டும். ஒரே வீட்டிலிருந்து சேர்ந்து நடக்கிற இருவருக்கு ஒரு கல் போதும், அவர்களுக்குள் இடைவெளி தேவையில்லை.

இது நடக்க வேண்டுமென்றால் உள்ளே போக ஒரு வாசல், வெளியே வர ஒரு வாசல் என்று பிரிக்க வேண்டும். ஒரே கேட்தான் என்றால் நடுவில் கயிறு கட்டிப் பிரியுங்கள். வெளியே காத்திருக்க 2 மீட்டருக்கு ஒரு சுண்ணாம்பு வட்டம், பத்து வட்டம். மழை பெய்தால் அழிந்துவிடும், மறுநாள் விடியும் முன் மறுபடி போட வேண்டும். பாதை முழுக்க ஒரே திசையில் நடக்கட்டும். இரண்டு திசையிலும் நடந்தால் ஒரு சுற்றில் ஒவ்வொருவரும் இன்னொருவரை இரண்டு முறை நேருக்கு நேர் சந்திப்பார்கள்.

கடந்து போகிற நொடியை விட நின்று பேசுகிற பத்து நிமிடம்தான் ஆபத்து. திறந்தவெளியில் நோய் பரவுகிற இடம் பாதை அல்ல. கேட் வரிசை, சிமெண்ட் பெஞ்சு, வெளியே இருக்கிற டீக்கடை. ஆளைப் போடுவதென்றால் அங்கே போடுங்க.

திருப்பூர், பனியன் கம்பெனி மேற்பார்வையாளர்: எங்க குடியிருப்புப் பூங்கா வாசல்ல மருந்து தெளிக்கற சுரங்கம் வெச்சுக் கொடுக்க ஒருத்தர் தயாரா இருக்காருங்க. வாங்கிக்கலாமுங்களா?

வேண்டாமுங்க. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் உங்கள் ஊர் தென்னம்பாளையம் சந்தையில் வைத்த கிருமிநாசினிச் சுரங்கம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. பல ஊர்கள் அதைப் பார்த்து வைத்தன. ஆனால் மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் அதே ஏப்ரல் 18-இல் அறிவித்தது. நோய் நெஞ்சுக்குள் இருக்கிறது, மருந்து சட்டை மேல் படுகிறது. கண்ணும் தோலும் எரிவது மட்டும் மிச்சம். தெரு, மரம், புல்தரைக்குத் தெளிப்பதும் வீண்தான்: வெயிலிலும் மண்ணிலும் மருந்தில் இருக்கிற குளோரின் சீக்கிரம் செத்துப் போகும், இலை நுனி கருகும். அந்தப் பணத்தில் ஒரு கை கழுவும் தொட்டி வையுங்கள், காலால் மிதித்தால் தண்ணீர் வருகிற மாதிரி.

கோபிசெட்டிபாளையம்: பெஞ்சு, கைப்பிடிக்காவது பிளீச்சிங் பவுடர் போடோணுமுங்களா? எவ்வளவு?

அடிக்கடி கைபடுகிற இடத்துக்கு மட்டும் போடலாம். 10 லிட்டர் தண்ணீருக்கு 35 கிராம் பவுடர். புதுப் பவுடரில் 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் இருக்கும் என்பதால் கரைசல் சுமார் 0.1 சதவீதம் வரும். மூட்டை பிரித்து மாதக்கணக்கானது என்றால் 45 கிராம் போடுங்கள். பவுடரைச் சிறிது தண்ணீரில் கூழாகக் குழைத்து, மீதித் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். அடி மண்டி குழாயை அடைக்கும், பெஞ்சில் வெள்ளையாகப் படியும். பிளாஸ்டிக் வாளிதான், தகர வாளி அரித்துவிடும். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கைத் துடைத்த பிறகுதான் இது. அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் அழுக்கோடேயே தீர்ந்துவிடும்.

கழிப்பறையில் ஆசிட் ஊற்றிய இடத்தில் இதை ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சு அடைக்கும். துப்புரவுப் பணியாளரிடம் இதை வாயால் சொன்னால் போதாது. ஆசிட் பாட்டிலும் பிளீச்சிங் டப்பாவும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது.

இரும்பு உடற்பயிற்சிக் கருவிகளுக்குச் சோப்புத் தண்ணீரே போதும். பிளீச்சிங் பட்டால் பெயிண்ட் உரிந்து துரு ஏறும்.

ஈரோடு, பெருந்துறை ரோடு: ஆடக் கூடாதுன்னு கட்டுன டேப்பைப் பசங்க கிழிச்சுட்டு ஊஞ்சல் ஆடறாங்க. என்ன பண்றதுங்க?

டேப் வேடிக்கைப் பொருள். ஊஞ்சலைச் சங்கிலியோடு கொக்கியிலிருந்து கழற்றி அறையில் பூட்டிவிடுங்கள். ராட்டினத்துக்குச் சங்கிலியும் பூட்டும். சறுக்கு ஏணியின் குறுக்கே மூங்கில் கட்டுங்கள். கழற்றியதைத் திரும்ப மாட்டும்போது கொக்கி தேய்மானம் பாருங்கள்: கம்பியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். பேரிங்குக்கு கிரீஸ் போடாமல் திறக்காதீர்கள்.

ஈரோடு, காய்கறி வியாபாரி: எங்க மார்க்கெட்டை வ.உ.சி. பூங்கா மைதானத்துக்கு மாத்துனாங்களே. அப்படி மைதானத்தைச் சந்தைக்கு விட்டா தரை என்னாகுமுங்க?

இறுகிப்போகும். லாரி போன தடத்தில் அடுத்த மழைக்குத் தண்ணீர் இறங்காமல் நிற்கும். அதனால் சந்தை வைக்கும்போதே வண்டி வழியைத் தனியாகக் குறித்து, மீதி இடத்தில் சக்கரமே ஏறாமல் பார்க்க வேண்டும். தூங்குமூஞ்சி, புங்கை, வேம்பு நிழல் என்று லாரியை மரத்தடியில் நிறுத்துவதுதான் நாம் செய்கிற பெரிய தப்பு. கிளை எவ்வளவு தூரம் விரிந்திருக்கிறதோ அதற்கும் வெளியேதான் நிறுத்த வேண்டும். மூச்சுவிடுகிற வேர் மேல்மண்ணில்தான் இருக்கிறது. அது நசுங்கினால் மரம் உடனே காட்டாது, இரண்டு மூன்று வருடம் கழித்து உச்சியிலிருந்து காயும்.

சந்தை காலியான பிறகு தரையை நனைத்து, இரண்டு நாள் விட்டு, ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடியுங்கள். தட்டினால் உதிர்கிறதா, அதுதான் பதம். சேறாக ஒட்டினால் இன்னும் பொறுங்கள்; ஈரத்தில் உழுதால் கட்டியாகிவிடும். வண்டித் தடத்தை உழுதுவிடலாம். புல் மிச்சமிருக்கிற இடத்தில் அரை அடிக்கு ஒரு துளை, நாலு விரல் ஆழம் கம்பியால் குத்தி, மணலும் மக்கிய குப்பையும் சரிபாதி கலந்து தள்ளுங்கள்.

சேலம், அஸ்தம்பட்டி: பூங்காவே பூட்டியாச்சு, ஆளும் பாதிதான். எதை விட்டுட்டு எதைப் பாக்கறது?

முதல் வேலை தேங்கின தண்ணீர். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவின் முட்டை ஏழெட்டு நாளில் கொசுவாகிவிடும். அதனால் நீரூற்றுத் தொட்டி, ஓட்டை வாளி, பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்து, உள்சுவரைத் தேய்க்க வேண்டும். முட்டை சுவரில் ஒட்டிக் காய்ந்தும் உயிரோடு இருக்கும். காலி செய்ய முடியாத குளத்தில் கம்பூசியா அல்லது கப்பி மீன் விடுங்கள். கொள்ளைநோயோடு ஐப்பசி மழையும் டெங்குவும் சேர்ந்து வந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கை ஏது?

இரண்டாவது, மூன்று வயதுக்குள் இருக்கிற மரக்கன்றுகள். சித்திரை வெயிலில் வாரம் இரண்டு முறை நல்ல ஆழத்துக்குத் தண்ணீர், சுற்றிச் சருகு மூடாக்கு. புல்தரை கடைசி. அது காய்ந்தாலும் மழைக்குத் துளிர்த்துவிடும்.

முழங்கால் உயரம் வளர்ந்துவிட்ட புல்லை ஒரே நாளில் ஒட்ட வெட்டாதீர்கள், அடித்தண்டு வெயிலில் வெந்துவிடும். ஒருமுறைக்கு மூன்றில் ஒரு பங்கு, நாலைந்து நாள் இடைவெளி. வெட்டப் போகிறவர் முட்டி வரைக்கும் பூட்ஸ் போட்டு, குச்சியால் தட்டிக்கொண்டே நடக்கட்டும். ஆள் நடமாட்டம் இல்லாத புல்லில் பாம்பு குடியிருக்கும்.

ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்து வாரம் மாற்றி வாரம் வரச் சொல்லுங்கள், இரு அணியும் சந்திக்கவே கூடாது. ஓர் அணியில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும் மோட்டார் போட ஆள் இருக்கும்.

பொள்ளாச்சி: யோகா வகுப்பும் கிரிக்கெட்டும் நடத்தலாமுங்களா?

யோகாவுக்கு ஆளுக்கு 4 சதுர மீட்டர் என்று 2020-இல் சுகாதார அமைச்சகம் சொன்னது. 20 பேருக்கு 80 சதுர மீட்டர் புல்தரை, பாய் அவரவர் வீட்டிலிருந்து. சிரிப்பு யோகாவும் கூட்டுப் பஜனையும் மட்டும் நிறுத்தி வையுங்கள். கிரிக்கெட்டில் பந்தை எச்சில் தொட்டுத் தேய்ப்பதை ஐசிசியே 2020 ஜூனில் தடுத்துவிட்டது. நம் பசங்களிடம் பந்தை விட, அவுட் ஆனவர்கள் மரத்தடியில் குவிவதைத்தான் பார்க்க வேண்டும்.

அவிநாசி: கேட்ல காய்ச்சல் துப்பாக்கி வெச்சா நடந்து வந்தவங்க எல்லாருக்கும் 100 காட்டுதுங்க!

வெயிலில் வந்த நெற்றியைக் காட்டுகிறது. நிழலில் பத்து நிமிடம் உட்கார வைத்து, வேர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். கருவியையும் வெயிலில் வைக்கக் கூடாது.

சூலூர்: ஆறு மாசம் பூட்டியிருந்து திறக்கறோம். குடிதண்ணிக் குழாயை அப்படியே திறந்துவிட்டாப் போச்சுங்களா?

கூடாது. மேல்தொட்டியைக் கழுவி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிவை ஊற்றுங்கள். சுமார் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) குளோரின் வரும். எல்லாக் குழாயையும் குளோரின் வாடை வரும் வரை திறந்து மூடி, இரவு முழுக்க விடுங்கள். குழாய்களில் "குடிக்காதீர்கள்" என்று எழுதிக் கட்ட மறக்காதீர்கள். காலையில் மொத்தத்தையும் சாக்கடையில் விட்டுவிடுங்கள், செடிக்கு வேண்டாம். பிறகு புதுத்தண்ணீர் நிரப்பி, தொட்டியிலிருந்து ரொம்பத் தூரத்துக் குழாயில் குளோரோஸ்கோப் (தண்ணீரில் குளோரின் அளவு பார்க்கிற கருவி) வைத்துப் பாருங்கள். 0.2 பிபிஎம் காட்டி வாடை அடங்கியிருந்தால் எழுதிக் கட்டியதை அவிழ்க்கலாம்.