குறைந்த விலை பிளெண்டட் ஸ்காட்ச் ஏன் இத்தனை பேருக்குப் பிடிக்கிறது?

முளைகட்டிய பார்லியில் வடிக்கும் மால்ட் விஸ்கியையும், கோதுமையிலோ மக்காச்சோளத்திலோ வடிக்கும் கிரெய்ன் விஸ்கியையும் கலந்தால் பிளெண்டட் ஸ்காட்ச்.

விலை குறையக் காரணம் கிரெய்ன் விஸ்கிதான். மால்ட்டைச் செம்புப் பானையில் இட்லி மாதிரி ஈடு ஈடாக இறக்க வேண்டும். 1830-இல் ஏனியஸ் காஃபி என்பவர் காப்புரிமை பெற்ற தூண் வடிகலனில் வடிக்கும் கிரெய்ன் விஸ்கியோ நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். அப்புறம், அது மென்மையானது. மால்ட்டின் முரட்டு நெடியைத் தணித்துவிடும்.

காபிக்கடையில் பீபெரியையும் பிளான்டேஷன் ஏ-யையும் அளவு பார்த்துக் கலந்து அரைப்பார்களே, விஸ்கியைக் கலப்பதும் அதே கைப்பக்குவம்தான். ஜானி வாக்கரைத் தொடங்கிய ஜான் வாக்கரும் ஸ்காட்லாந்தின் கில்மார்னக் ஊரில் மளிகைக் கடைக்காரர்தான். வருடா வருடம் ஒரே ருசியைக் கொண்டுவருவது லேசான வேலையல்ல.

கலப்பு என்றால் கலப்படம் என்று பலர் நினைக்கிறார்கள்; சரியல்ல, இதில் சேரும் ஒவ்வொரு விஸ்கியும் ஸ்காட்லாந்தில் குறைந்தது 3 ஆண்டு ஓக் பீப்பாயில் கிடந்திருக்க வேண்டும் என்பது சட்டம்.