எட்டு டீச்சர், ஒரே பையன்: வாசகர் கேள்வி பதில்

மாற்றுத்திறனாளிப் பசங்க ஹைஸ்கூல்ல படிக்கறதைப் பத்தி என்ன சந்தேகம்னாலும் கேளுங்கன்னு போன இதழ்ல சொன்னதுதான் தாமதம், லெட்டரும் மெயிலுமா வந்து குவிஞ்சிடுச்சு. எல்லாத்துக்கும் இங்க இடமில்ல. ஸ்பெஷல் எஜுகேட்டரா இந்தப் பசங்களோடயே காலத்தை ஓட்டினவங்கற முறையில எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். பேரு போடாதீங்கன்னு நெறைய பேர் கேட்டுக்கிட்டாங்க, அதனால யார் பேரும் போடல.

கேள்வி: என் பையனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்தை வாசிக்கறதுலயும் எழுதறதுலயும் சிரமம். அஞ்சாவது வரைக்கும் ஒரே மிஸ், இவன் எங்க திணர்றான்னு மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிடுவாங்க. இப்போ ஏழாவது, எட்டு சப்ஜெக்ட் எட்டு டீச்சர். வருஷா வருஷம் ஒவ்வொருத்தர்கிட்டயும் ரிப்போர்ட்டைத் தூக்கிட்டுப் போய் முதல்லேர்ந்து கதை சொல்றேன். அப்படியும் ஹிஸ்டரி சார் டைரியில "சோம்பேறி, அக்கறை இல்லை"ன்னு எழுதி அனுப்பறாரு. நான் என்னதான் பண்றது மேடம்?

பதில்: ஹைஸ்கூல்ல பாதி பிரச்சினை இதுதாங்க, பையனைப் பத்தின தகவல் ஒரு ரூம்லேர்ந்து அடுத்த ரூமுக்கு நடந்து போறதே இல்ல. ப்ரைமரில ஒரு மிஸ்ஸோட தலைக்குள்ள பத்திரமா இருந்ததெல்லாம் இங்க பெல் அடிக்க அடிக்க அழிஞ்சு போயிடும். சைக்காலஜிஸ்ட் ரிப்போர்ட் பதினாறு பக்கம் இருக்கும், அது ஆஃபீஸ் பீரோவுல தூங்கும், ஹிஸ்டரி சார் அதைக் கண்ணால பாத்திருக்க மாட்டாரு, பாத்தாலும் அந்த ஸ்கோரை வெச்சு நாளைக்கு மூணாவது பீரியட்ல என்ன பண்ணணும்னு அவருக்கு எப்படிப் புரியும்?

ஒரு தாள் போதும். ஒரே பக்கம். பையன் சொல்லச் சொல்ல நீங்க எழுதுங்க, அவன் வார்த்தையிலயே இருக்கட்டும். என்கிட்ட ஒரு பையன் எழுதிக் குடுத்தது இன்னும் ஞாபகம் இருக்கு: "எனக்கு வாசிக்கத் தெரியும், ஆனா மெதுவா. திடீர்னு எழுப்பி சத்தமா வாசிக்கச் சொல்லாதீங்க, எந்தப் பத்தின்னு முதல் நாளே சொல்லிட்டா வீட்ல பாத்துட்டு வந்துடுவேன். போர்டுல இருக்கறதை போட்டோ எடுக்க விடுங்க. ஸ்பெல்லிங்குக்கு மார்க் கொறைக்கறதை ஸ்பெல்லிங் டெஸ்ட்டோட நிறுத்திக்கங்க." நாலே வரி, எல்லாமே ஒரு டீச்சர் அன்னிக்கே செய்யக்கூடிய விஷயம். டிஸ்லெக்ஸியாங்கற வார்த்தையே அதுல இல்ல, அதை எழுதறதும் விடறதும் பையன் இஷ்டம்.

இந்தத் தாளை எட்டு பேருக்கும் க்ளாஸ் டீச்சர் வழியா குடுங்க, நீங்களே எட்டு வாசல் ஏறி இறங்க வேணாம். முக்கியமா, லீவு போட்ட டீச்சருக்குப் பதிலா வர்றவங்களுக்கும் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரோட ஒரு காப்பி போகணும், பசங்க அவமானப்படறது பெரும்பாலும் அந்த பீரியட்லதான். ஹிஸ்டரி சாரை மட்டும் நேர்ல பாருங்க. "சோம்பேறி"ங்கறதுக்குச் சண்டை போடாம, "சார், அவன் ஒரு பக்கம் வாசிக்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு ஒரு தடவை வாட்ச்சை வெச்சுப் பாருங்க"ன்னு மட்டும் சொல்லுங்க.

கேள்வி: என் பொண்ணோட க்ளாஸ்ல ஒரு பையனுக்கு பரீட்சையில எக்ஸ்ட்ரா டைம் குடுக்கறாங்க. என் பொண்ணும் கடைசி கேள்வி எழுத நேரமில்லாம அழுதுட்டு வர்றா. கேட்டா தப்பா நெனப்பாங்க. இது நியாயமா?

பதில்: கேக்கறதுல தப்பே இல்ல, மனசுல வெச்சுக்கிட்டு அந்தப் பையனை முறைக்கறதுதான் தப்பு. அந்தப் பரீட்சை எதை அளக்க வந்துச்சுன்னு பாருங்க. பயாலஜி பேப்பர் ரத்தம் இதயத்துக்குள்ள எப்படிப் போகுதுன்னு தெரியுமான்னு கேக்குது, கை எவ்வளவு வேகமா ஓடுதுன்னு கேக்கல. கை நடுங்கற பையனுக்கு நேரம் குடுக்கலன்னா நீங்க அவன் நடுக்கத்துக்குத்தான் மார்க் போடறீங்க. இதே டைப்ரைட்டிங் ஸ்பீட் டெஸ்ட்டா இருந்தா கதை வேற, அங்க வேகமே பாடம்.

2006-ல ஐ.நா. சபை ஏத்துக்கிட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கைல, நியாயமான வசதியைச் செஞ்சு தர மறுக்கறதும் பாகுபாடுதான்னு தெளிவாவே எழுதியிருக்கு, கல்விக்குன்னே 24-ஆவது பிரிவு இருக்கு. நடைமுறையில சில தேர்வு அமைப்புகள் கால் பங்கு கூடுதல், அதாவது 3 மணி நேரப் பேப்பருக்கு 45 நிமிஷம் குடுக்குது, சில இடத்துல மணிக்கு 20 நிமிஷம். அதுவும் எல்லாருக்கும் பொருந்தாது. ஏடிஹெச்டி (கவனம் ஒரே இடத்துல நிக்காம, உக்காந்த இடத்துல இருக்க முடியாம தவிக்கறது) இருக்கற பையனை நாலு மணி நேரம் ஒரே சீட்ல உக்கார வெச்சா அது தண்டனை, அவனுக்கு நடுவுல எழுந்து நடந்துட்டு வர பத்து நிமிஷம் குடுத்தாலே போதும். அப்புறம் உங்க பொண்ணு மட்டுமில்லாம க்ளாஸ்ல பாதிப் பேர் கடைசி கேள்விய விடறாங்கன்னா கேள்வித்தாள் நீளமா இருக்குன்னு அர்த்தம். அந்தக் கம்ப்ளைன்டை ஸ்கூல்ல குடுங்க, நானும் கையெழுத்து போடறேன்.

கேள்வி: அக்கா, நான் பத்தாவது படிக்கிறேன், ரெண்டு காதுலயும் ஹியரிங் எய்ட். டீச்சர் கழுத்துல மாட்டிக்கற மைக் ஒண்ணும் இருக்கு. ஒவ்வொரு பீரியடும் எல்லார் முன்னாடியும் எழுந்து போய் அதைக் குடுக்கணும், எல்லாரும் பாக்கறாங்க. ரெண்டு மாசமா அதை பேக்லேர்ந்து எடுக்கவே இல்ல. சைகை மொழி கத்துக்கவும் ஆசையா இருக்கு, வீட்ல கத்துக்கிட்டா பேச்சு போயிடும்னு பயப்படறாங்க. நான் பண்றது தப்பா?

பதில்: தப்புன்னு நான் சொல்ல மாட்டேன் டா. உன் வயசுல எல்லாரும் பாக்கறாங்கங்கறது சின்ன விஷயமில்ல. நானே ஒரு தடவை புதுசா வந்த பையனை க்ளாஸ் முன்னாடி நிறுத்தி "இவனுக்குக் காது சரியா கேக்காது, எல்லாரும் ஹெல்ப் பண்ணுங்க"ன்னு நல்ல எண்ணத்துல சொல்லித் தொலைச்சேன், மூணு மாசம் அவன் என்கூடப் பேசவே இல்ல. அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆனா அந்த மைக் என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் முடிவு பண்ணு. ஹியரிங் எய்ட் நல்லா வேலை செய்யறது ஒண்ணு ரெண்டு மீட்டருக்குள்ளதான், அதைத் தாண்டினா ஃபேன் சத்தம், பெஞ்ச் இழுக்கற சத்தம் எல்லாத்தையும் சேத்துப் பெருசாக்கிக் குடுக்கும். மைக் டீச்சர் குரலை மட்டும் நேரா உன் ஹியரிங் எய்டுக்கு அனுப்பும். உதட்டைப் பாத்துச் சமாளிச்சுக்கலாம்னு நெனைக்கற இல்ல? கண்ணாடி முன்னாடி நின்னு சத்தம் வராம "பணம்"னு சொல்லு, அடுத்து "மணம்"னு சொல்லு. உதடு ரெண்டுக்கும் ஒண்ணுதான். க, ங எல்லாம் தொண்டைப் பக்கமே முடிஞ்சிடும், வெளிய ஒண்ணும் தெரியாது. மிச்சத்தை மூளை ஊகிச்சுக்கிட்டே இருக்கும், அதனாலதான் சாயங்காலம் நீ அவ்வளவு டயர்டா இருக்க.

எழுந்து போய்க் குடுக்கறதுதானே கஷ்டம்? அதை மாத்திடலாம். மைக் டீச்சர் டேபிள்லயே இருக்கட்டும், உள்ள வர்ற டீச்சர் தானே எடுத்து மாட்டிக்கணும், போறப்போ அடுத்தவங்களுக்காக வெச்சுட்டுப் போகணும். மறந்து கழுத்துலயே மாட்டிக்கிட்டுப் போறவங்களை ஆஃப் பண்ணிடச் சொல்லு, இல்லாட்டி ஸ்டாஃப் ரூம் அரட்டை உன் காதுல விழும் (வேணும்னா சொல்லாமலும் இருக்கலாம், அது உன் சாமர்த்தியம்). போர்டைப் பாத்துக்கிட்டுப் பேசற டீச்சருக்கு மட்டும் தனியா ஒரு வரி எழுதிக் குடு.

சைகை மொழி தாராளமா கத்துக்க. 1880-ல மிலான்ல நடந்த ஒரு மாநாட்டுல காது கேளாதவங்களுக்குப் பேச்சு முறைலதான் பாடம் நடத்தணும்னு தீர்மானம் போட்டுட்டாங்க, அதோட பல நாட்டுப் பள்ளிக்கூடங்கள்லேர்ந்து சைகை மொழிய விரட்டிட்டாங்க. 2010-ல வான்கூவர்ல கூடின அதே மாநாட்டுல அந்தத் தீர்மானத்தை நிராகரிச்சு வருத்தம் தெரிவிச்சாங்க. நூத்து முப்பது வருஷம் ஆச்சு அதுக்கு. வீட்ல உள்ளவங்க பயம் அந்தக் காலத்து பயம்தான், ரெண்டு மொழி தெரிஞ்சா ஒண்ணு போயிடாதுன்னு மெதுவா எடுத்துச் சொல்லு.

கேள்வி: கெமிஸ்ட்ரி டீச்சர் நான். வீல்சேர்ல வர்ற ஒரு பொண்ணு இந்த வருஷம் என் க்ளாஸ். லேப் மாடில. நாலு பசங்களை விட்டுத் தூக்கிட்டுப் போலாம், லேப்ல அவ பக்கத்துல இருந்து பாத்தா போதும்னு மேல சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல.

பதில்: ஒப்பாம இருக்கறதுதான் சரி சார். பதினாலு வயசுப் பொண்ணைக் கூடப் படிக்கற பசங்க நாலு பேர் தூக்கிட்டுப் படி ஏறணும்னு யார் சொன்னாங்களோ, அவங்களை ஒரு நாள் அப்படித் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க. மானமும் போகும், கால் இடறினா எலும்பும் போகும்.

காசில்லாத வழி டைம் டேபிள்ல இருக்கு. அந்த க்ளாஸ் மொத்தமும் கீழ வரட்டும், செய்முறை நாள்ல கீழ ஒரு ரூமை லேபா மாத்துங்க. வாசல்ல படி இருந்தா உடனே ஒரு பலகையச் சாய்ச்சு வெச்சு சாய்தளம்னு சொல்லிடுவாங்க, விடாதீங்க. 1-க்கு 12 தான் கணக்கு, உயரத்தைப் போல 12 மடங்கு நீளம். 15 சென்டிமீட்டர் படி மூணு இருந்தா உயரம் 45, சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வேணும், கிட்டத்தட்ட 18 அடி. அதுக்குக் கொறைஞ்சா அவளால தானே ஏற முடியாது, இறங்கறப்போ வண்டி அவளை இழுத்துட்டுப் போயிடும்.

லேப் டேபிள் நின்னு வேலை பாக்கறதுக்குச் செஞ்சது, சுமார் 90 சென்டிமீட்டர் இருக்கும். அதுல பர்னரைப் பத்த வெச்சா உக்காந்திருக்கறவளுக்குத் தீ முகத்துக்கு நேரா நிக்கும். முட்டி உள்ள போற மாதிரி ஒரு சாதா மேஜை போடுங்க. பாத்தா போதும்ங்கறதை ஒத்துக்காதீங்க, பிப்பெட்டும் ப்யூரெட்டும் அவ கையிலதான் இருக்கணும்.

தீ ஆபத்துன்னு ஒரு சாக்கு வரும், இப்பவே சொல்லிடறேன். அமெரிக்காவுல ஜூடி ஹ்யூமன்னு ஒருத்தங்க, போலியோவால வீல்சேர். அஞ்சு வயசுல ஸ்கூல்ல சேக்கப் போனப்போ வீல்சேரால தீ ஆபத்துன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. 1970-ல டீச்சர் லைசென்ஸ் கேட்டப்பவும் அதே பல்லவி. கோர்ட்டுக்குப் போய் வாங்கி, நியூயார்க்ல பாடமும் நடத்தினாங்க. தீப்பிடிச்சா லிஃப்ட்ல போகக்கூடாதுங்கறது நிஜம்தான், அதுக்கு யார் அவகூட இருக்கணும், எந்த வழியா வெளிய வரணும்னு முன்னாடியே எழுதி வெச்சு ஒத்திகை பாக்கணும்.

கேள்வி: என் மகளுக்குப் பார்வை இல்லை. கணக்குன்னா உயிர். மேல்நிலையில கணக்கு வேண்டாம், வேற ஏதாவது எடுத்துக்கட்டும்னு ஸ்கூல்ல சொல்றாங்க. அவங்க சொல்றதும் சரிதானோன்னு தோணுது.

பதில்: அமெரிக்காவுல ஏப்ரஹாம் நெமெத்னு ஒருத்தருக்கும் இதையேதான் சொன்னாங்கம்மா. பிறவியிலயே பார்வை இல்லாதவர், கணக்கு வேணாம்னு சைக்காலஜி படிக்க வெச்சாங்க. மனசு கேக்காம கணக்குக்கே திரும்பி வந்து, காலேஜ்ல கணக்குப் புரொஃபசரா இருந்து, கணக்கை ப்ரெய்ல்ல எழுத ஒரு முறையையே உருவாக்கினாரு, 1952-லேர்ந்து நெமெத் கோட்னு அவர் பேர்லயே இருக்கு. அவ்வளவு ஏன், லூயி ப்ரெய்ல் தன்னோட புள்ளி எழுத்தை உருவாக்கினப்போ வயசு 15, உங்க பொண்ணு வயசுதான் இருக்கும்.

ஸ்கூல் மாத்திக்க வேண்டியது மூணு நாலு பழக்கம். டீச்சர் போர்டைக் காட்டி "இதை இதால வகுத்தா அது வரும்"னு சொல்றாரு இல்லையா, அந்த இதுவும் அதுவும்தான் உங்க பொண்ணுக்குச் சுவர். "எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் மூணு, முழுசும் அடைப்புக்குள்ள, கீழ ரெண்டு"ன்னு வாய்விட்டுச் சொன்னா போதும். க்ராஃபுக்கு, ரப்பர் ஷீட் மேல அதுக்குன்னு விக்கற பிளாஸ்டிக் தாளை வெச்சு பால்பாயிண்ட் பேனாவால அழுத்திப் போட்டா கோடு மேல எழும்பி விரல்ல தட்டுப்படும். நோட்ஸை போட்டோ எடுத்து அனுப்பாதீங்கன்னு சொல்லுங்க, ஸ்க்ரீன் ரீடருக்கு (திரையில இருக்கற எழுத்தை வாசிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர்) அது வெறும் படம், டைப் பண்ணின ஃபைலா வேணும். என்விடிஏன்னு ஒரு ஸ்க்ரீன் ரீடர் இலவசமாவே கெடைக்குது.

கேள்வி: க்ளாஸ்ல ஒரு பையனுக்கு ஃபிட்ஸ் வந்துடுச்சு, எல்லாரும் ஓடிட்டோம். என்ன பண்ணியிருக்கணும்?

பதில்: முதல்ல வாட்ச்சைப் பாக்கணும். பக்கத்துல இருக்கற பெஞ்சை நகத்திட்டு, தலைக்கு அடியில ஸ்வெட்டரோ பேகோ வெச்சு, வெட்டறது நின்னதும் ஒருபக்கமா சாய்ச்சுப் படுக்க வைங்க. அமுக்கிப் பிடிக்காதீங்க, வாயிலயோ கையிலயோ எதையும் திணிக்காதீங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ, முதல் தடவைன்னாலோ ஆம்புலன்ஸ். சுத்தி நின்னு பாக்கறவங்களை வெளிய அனுப்புங்க, முழிக்கறப்போ தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு பக்கத்துல இருந்தா போதும்.

கேள்வி: ஐம்பது பேர் க்ளாஸ்ல ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா செய்ய எனக்கு எங்க மேடம் நேரம்?

பதில்: பாதி விஷயம் தனித்தனியா செய்யவே வேணாம். ஹோம்வொர்க்கை பெல் அடிக்கறப்போ கத்திச் சொல்லாம போர்டு ஓரத்துல எழுதிடுங்க, காது கேக்காதவன், கவனம் செதறறவன், அன்னிக்கு ஜுரத்துல இருந்தவன் எல்லாருக்கும் ஆச்சு. வீடியோ போட்டா கேப்ஷன் ஆன் பண்ணுங்க. பச்சை போர்டுல சிவப்பு சாக்பீஸ் வேணாம், நிறக்குருடு பசங்களுக்கு (பொண்ணுங்களைவிடப் பசங்களுக்கு ரொம்ப அதிகம், அந்த மரபணு எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு) அது கண்ணுலயே படாது, அவங்களும் சொல்ல மாட்டாங்க.

கேள்வி: எங்க க்ளாஸ்ல ஒருத்தனுக்கு ஆட்டிசம். லஞ்ச்ல தினமும் நான்தான் அவன்கூட இருக்கணும்னு மிஸ் சொல்லிட்டாங்க. எனக்கு அவனைப் பிடிக்கும், ஆனா ஃபுட்பால் ஆடப் போக முடியல. சொன்னா கெட்டவன்னு நெனைப்பாங்களோ?

பதில்: நெனைக்க மாட்டாங்க தம்பி, நெனைச்சாலும் பரவாயில்ல. நீ அவன் ஃப்ரெண்டு, அவனைப் பாத்துக்க ஆள் வேணும்னா ஸ்கூல்தான் போடணும். அதுக்கு முன்னாடி இது வரைக்கும் யாரும் கேக்காத ஒருத்தன்கிட்ட கேளு, அவன்கிட்டயே. "லஞ்ச்ல தனியா இருக்கப் பிடிச்சிருக்கா, இல்ல வேற வழியில்லாம இருக்கியா"ன்னு. உடனே பதில் வராது, நீ குறுக்க பேசாம பத்து செகண்ட் பொறு. நாலு பீரியட் சத்தத்துக்கு அப்புறம் லைப்ரரில அரை மணி நேரம் அமைதியா இருக்கத்தான் அவனுக்கு ஆசைன்னும் வரலாம், உன்கூட கிரவுண்டுக்கு வந்து ஸ்கோர் எழுதறேன்னும் வரலாம். அவன் சொன்னதை மிஸ்கிட்ட அப்படியே சொல்லு, "செவ்வாயும் வியாழனும் நான் அவன்கூட இருக்கேன், மத்த நாள் ஆட்டத்துக்குப் போறேன்"னும் சேத்துச் சொல்லு.