ஒழுங்கைக்குள் 600 குதிரைவலு: யாழ்ப்பாணத்தில் வேகமான மின்சாரக் கார் சரிவருமா?

கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "இப்போது பெற்றோல் செடான் ஓடுகிறேன். மாதம் இரண்டு தடவை கொழும்பு போகவேண்டும், மற்ற நாட்களில் ரவுணுக்குள்தான் ஓட்டம். பிஎம்டபிள்யூ ஐ5 எம்60 அல்லது பிவைடி சீல் பெர்போமன்ஸ், இரண்டில் ஒன்றை எடுக்க யோசிக்கிறேன். இவ்வளவு வேகமான கார் எங்கள் ஒழுங்கைக்கும் ஏ9 வீதிக்கும் சரிவருமா? வீட்டிலேயே சார்ஜ் பண்ணலாமா?"

சரிவரும், ஐயா. ஆனால் காரைப் பார்க்க முதல் உங்கள் வீட்டு மீற்றர் பெட்டியைப் பாருங்கள். இந்தக் காரோடு நிம்மதியாக இருப்பதும் சீ என்று போவதும் அங்கேதான் தீர்மானமாகிறது.

எங்கள் பக்கத்து வீடுகளில் அநேகமாக இருப்பது சிங்கிள் பேஸ் 30 அம்பியர் இணைப்பு. 230 வோல்ற்றில் முழுக்க இழுத்தாலும் 6.9 கிலோவாற்தான். கடையில் விற்கிற 7 கிலோவாற் சுவர் சார்ஜரோ 32 அம்பியர் கேட்கும். அதைப் பூட்டிவிட்டு இரவில் ஏசியும் கிணற்று மோட்டரும் போட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சார்ஜரை 16 அம்பியருக்குக் குறைத்து வைத்தால் 3.7 கிலோவாற் வரும். பத்து மணித்தியாலம் விட்டால் 170 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடலாம். ரவுண் ஓட்டத்துக்கு அது தாராளம்.

கொழும்புக்குப் போகிறவருக்கு அது போதாது. இரண்டு காரிலும் பற்றரியின் கொள்ளளவு 80 கிலோவாற்-மணியை விடக் கொஞ்சம் கூட (ஐ5இல் பாவிக்கக்கூடியது 81.2, சீலில் 82.5). முதல்நாள் பின்னேரம் வெறுமையாக வந்து விடியப்புறம் வெளிக்கிட வேண்டுமென்றால் திரீ பேஸ் (மும்முனை) இணைப்பு எடுங்கள். ஐ5 ஒரு பேஸுக்கு 16 அம்பியர் வீதம் 11 கிலோவாற் வாங்கும். எட்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட விட்டால் நிறைந்துவிடும். சீலை எடுப்பதென்றால், இங்கே வரும் காரின் உள் சார்ஜர் 7 கிலோவாற்றா 11 கிலோவாற்றா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பின்னேரம் 6.30 முதல் இரவு 10.30 வரை மின்சாரம் அதிகம் தேவைப்படும் நேரம். கொழும்புப் பயணம் இல்லாத நாட்களில் காரில் நேரம் குறித்துவிட்டு 10.30க்குப் பிறகு ஏற விடுங்கள். கூரையில் சோலார் இருந்து, பகலில் கார் வீட்டில் நிற்குமென்றால் இன்னும் நல்லது.

எர்த்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை, அதனால் நான் வற்புறுத்திச் சொல்கிறேன். எங்கள் மண் கோடையில் காய்ந்துபோனால் எர்த் கம்பியின் தடை ஏறும். சில சார்ஜர்கள் வேலை செய்ய மறுக்கும். மறுக்காதவை அதைவிட ஆபத்து. வயர்மனிடம் சொல்லி எர்த்தை அளவுக் கருவியால் பார்க்க வையுங்கள், கண்ணால் பார்த்து "ஓம், இருக்கு" என்பது காணாது. சார்ஜருக்கென்று தனி வயர், தனி பிரேக்கர், நேரோட்ட (டிசி) மின்கசிவையும் பிடிக்கிற ட்ரிப் சுவிட்ச், இவை மூன்றும் வேண்டும்.

இனி வேகம். எம்60 601 குதிரைவலு, சீல் பெர்போமன்ஸ் 530. இரண்டும் 100ஐத் தொட எடுப்பது 3.8 வினாடி. இலங்கையில் சாதாரண வீதியில் காருக்கான எல்லை 70, ஊர்மனைக்குள் 50. ஆகவே அந்த வலு உங்களுக்கு உதவுவது ஏ9இல் லொறியை முந்துகிற ஒருசில வினாடிகளில்தான். அந்த உதவி உண்மையானது. எதிர்ப்பக்கத்தில் நிற்கும் நேரம் குறையும். ஆனால் எம்60 2.3 தொன். வன்னிப் பக்கம் இரவில் மாடுகள் தார் சூட்டுக்கு வீதியிலேயே படுத்திருக்கும். எவ்வளவு விரைவாக எடுத்தாலும், நிற்பாட்டுவது பாரத்தையும் ரயரையும் பொறுத்தது. முதல் மாதங்களில் மிதமான ஓட்டமுறையில் மட்டும் வைத்துப் பழகுங்கள். பண்ணைப் பாலத்திலோ வீதியோரம் மணல் படிந்த இடங்களிலோ முதல் மழை விழுந்த அன்று அக்சிலேற்றரை அமுக்காமல் தடவுங்கள். வழுக்கலைத் தடுக்கிற அமைப்பை ஒருநாளும் நிற்பாட்டாதீர்கள். ஒழுங்கைக்குள் இன்னொரு விஷயம்: சத்தம் மிகக் குறைவு. சைக்கிளில் போகிற வயதுபோனவர் பின்னால் கார் வருவதை உணரமாட்டார். தூரத்திலேயே மெதுவாக்கி, ஒரு சின்ன ஹோர்ன் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். எம்60க்கு ஐரோப்பியச் சோதனையில் கிடைத்த 455 முதல் 516 வரையான தூரத்தை நம்பி ஒரே மூச்சில் போக வெளிக்கிட வேண்டாம். ஏசி போட்டு, கையிருப்பு 15 சதவீதம் வைத்தால் 350ஐத் திட்டமாக வையுங்கள். அநுராதபுரப் பக்கம் ஒரு தடவை நிறுத்தி, தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் ஏற்றினால் போதும். சார்ஜர் வேலை செய்கிறதா என்று முதல்நாளே போன் அடித்துக் கேளுங்கள்.

ரீகண்டிஷன் கார் பார்க்கிறவர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஜப்பானில் விற்ற ஐ5 என்றால் விரைவுச் சார்ஜுக்கு சாடெமோ வாய்தான் இருக்கும், ஐக்கிய இராச்சியத்தில் விற்றதில் சிசிஎஸ்2 என்ற வேறு வடிவ வாய் இருக்கும். இரண்டுமே வலப்பக்க ஸ்ரியரிங் என்பதால் வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சார்ஜ் மூடியைத் திறந்து பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

பராமரிப்பில் எங்கள் ஊருக்கென்று சில உண்டு. மோட்டரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் டிஸ்க் சும்மா இருந்து, உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். கிழமைக்கு ஒரு தடவை, பின்னால் ஆள் இல்லாத நேரம் பார்த்து, கொஞ்சம் அழுத்தமாகப் பிரேக் பிடியுங்கள். கிணற்றுத் தண்ணீரால் கழுவி வெயிலில் காயவிட்டால் சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளியாகப் படியும். பின் கமராக் கண்ணாடியில் படிந்தால் இரவில் படம் மங்கலாகிவிடும். உடனே துணியால் ஒற்றி எடுங்கள். காண்டாவனத்தில் நிழலில் விடுங்கள், தென்னைக்குக் கீழே வேண்டாம். ஐ5 பற்றரியை நாளாந்தம் 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். சீலின் பற்றரி வேறு வகை, அதைக் கிழமைக்கு ஒரு தடவை 100 வரை ஏற்றுவது நல்லது. சீலின் 235/45 ஆர்19 போன்ற அளவு ரயர் அவசரத்துக்கு இங்கே கிடைக்கும் என்று இருக்கவேண்டாம். ஒன்றை வாங்கி வீட்டில் போட்டுவையுங்கள்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். நானென்றால் இரண்டையும் விட்டு, பின்சக்கர இழுவை மட்டும் உள்ள ஐ5 இட்ரைவ்40ஐப் பார்ப்பேன். அதே பற்றரி, 340 குதிரைவலு, 100ஐத் தொட 6 வினாடி, தூரமோ அதே ஐரோப்பியச் சோதனையில் 500ஐத் தாண்டி வரும். மின்சாரக் காருக்கான உற்பத்தி வரி மோட்டரின் கிலோவாற்றை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது என்பதால் விலையிலும் தெரியும். எம்60தான் வேண்டும் என்றால், வாங்க முதல் நாலு பேரை ஏற்றிக்கொண்டு உங்கள் ஒழுங்கையால் போய்ப் படலை தாண்டி வளவுக்குள் விட்டுப் பாருங்கள். அடி தட்டினால் அந்தக் கார் உங்கள் படலைக்குச் சரிவராது.