மழை கெடுத்த பயணம்

அன்புள்ள ஐயா,

மடிப்பாக்கத்தில் வசிக்கிறேன். பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. உங்கள் பயணக் கட்டுரைகளை விடாமல் வாசிப்பவன். சென்ற ஜூலையில் குடும்பத்துடன் வால்பாறைக்குப் போயிருந்தேன். போய் இறங்கியதிலிருந்து கிளம்பும்வரை மழை. நல்லமுடி காட்சிமுனையில் மூடுபனியைத் தவிர எதுவும் தெரியவில்லை. பிள்ளைகள் அறைக்குள்ளேயே கைப்பேசியுடன் கிடந்தார்கள். என் அம்மா, பாவம், தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். செலவழித்த பணம் அத்தனையும் வீண். திரும்பி வந்தால் சென்னையில் அதே வெயில், அதே அனல்காற்று. நம் ஊரில் பருவம் என்றே ஒன்று இல்லை. வெயில், அதைவிட அதிக வெயில், நடுவில் ஒரு வெள்ளம், அவ்வளவுதான். வெளிநாட்டு நண்பர்கள் இலையுதிர்காலப் படங்களை அனுப்பும்போது ஏக்கமாக இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்க்கச் சரியான மாதம் எது? மலைக்காட்சிகளுக்கு எந்த கேமரா வாங்கலாம்? நானும் ஒரு பயணக் கட்டுரை எழுதியிருக்கிறேன், அனுப்பலாமா?

ர., மடிப்பாக்கம்

அன்புள்ள ர.,

கேமராவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கடைக்காரரைக் கேளுங்கள்.

உங்கள் கடிதம் வந்த வேளை அப்படி. இந்த ஆடி முழுவதும் நான் காற்றைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். திருவல்லிக்கேணியில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் எதிர்வீட்டுக் கொடி தெரியும். காலை பத்து மணிக்கு அங்கே காயும் புடவைகள் கடலைப் பார்த்துப் படபடக்கின்றன. மேற்கிலிருந்து அடிக்கும் காய்ந்த காற்று அது. மீனவர்கள் கச்சான் என்பார்கள். உதடு வெடிக்கும், வடகம் ஒரே நாளில் காயும். நண்பகல் தாண்டி ஒரு நேரத்தில் புடவைகள் அசைவில்லாமல் தொங்கும். தெருவே மூச்சு முட்டும். பிறகு மெல்ல எதிர்ப்பக்கமாகப் புரண்டு, மேற்கைப் பார்த்துப் பறக்கத் தொடங்கும். கடற்காற்று வந்துவிட்டது என்று பொருள். சில நாள் பன்னிரண்டு மணிக்கே வருகிறது, சில நாள் மூன்று மணியாகிறது. அந்த இடைவெளியில்தான் இந்த ஊரின் கோடை முழுவதும் அடங்கியிருக்கிறது. கடற்காற்று சீக்கிரம் வந்தால் வெயில் அடங்கிப்போகும். தாமதித்தால் ஏறிக்கொண்டே போகும். 2003 மே மாதக் கடைசியில் சென்னையில் 45 டிகிரி பதிவானது. மேற்குக் காற்றின் கை ஓங்கியிருந்த நாட்கள் அவை.

இதையெல்லாம் உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்கள் கடிதத்தில் இரண்டு புகார்கள் இருக்கின்றன. வால்பாறையில் மழை. சென்னையில் அனல்காற்று. இரண்டும் வேறு வேறு என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே காற்று, ஐயா. ஒரே வாரத்தில் ஒரே காற்றை இரண்டு இடத்தில் வைத்துத் திட்டியிருக்கிறீர்கள்.

அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று மலையில் முட்டுகிறது. வழியில்லாமல் மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது, கொட்டிவிடுகிறது. நீங்கள் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் சின்னக்கல்லாறு இருக்கிறது. தமிழகத்திலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அங்கே ஜூலையில் போய்விட்டு மழை பெய்தது என்று கடிதம் எழுதுகிறீர்கள்! மலையைத் தாண்டிய காற்றிடம் மிச்சம் ஈரம் குறைவு. இறங்கும்போது சூடேறுகிறது, இன்னும் காய்கிறது. ஆழியாறுக்கு இறங்கும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றனவே, எந்த வளைவில் மழை நின்றது, எந்த வளைவில் வைப்பரை நிறுத்தினீர்கள், எந்த வளைவில் சன்னலைத் திறந்ததும் வறண்ட காற்று அடித்தது? கவனித்திருக்க மாட்டீர்கள். பிள்ளைகளின் வாந்தியைக் கவனித்திருப்பீர்கள், அதுவும் நியாயம்தான். கீழே உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தனவே, பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்த அதே காற்றுதான் அவற்றைச் சுற்றியது. அது சமவெளி முழுவதையும் கடந்து, உங்களுக்கு முன்பாகவே மடிப்பாக்கம் வந்து சேர்ந்துவிட்டது.

இதை எனக்குப் புத்தகம் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு குடை சொல்லிக்கொடுத்தது.

என் பெரியப்பா கொல்லத்தில் ஒரு முந்திரி ஆலையில் கணக்கர். விடுமுறைக்கு அங்கே போவோம், எழும்பூரில் கொல்லம் மெயிலைப் பிடித்து. மீட்டர் கேஜ் காலம். ஒரு முறை அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் பயணம் தள்ளிப்போய், ஜூன் பிறந்த பிறகுதான் கிளம்பினோம். சங்கரன்கோவிலில் பெட்டி முழுவதும் புழுதி. தென்காசியில் காற்றில் ஒரு சில்லிப்பு. செங்கோட்டையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சாரல். பகவதிபுரம் தாண்டினால் குகை. பெட்டியில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் கத்தினோம். வெளியே வந்தால் ஆரியங்காவு, கொட்டுகிற மழை. ஒரு குகையின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் அவ்வளவு வித்தியாசம். 1904-இல் அந்தப் பாதையைப் போட்டவர்கள் எத்தனை மழையில் நின்று அந்தப் பாறையைக் குடைந்தார்களோ.

சொல்ல வந்தது அதுவல்ல. திரும்பும்போது பெரியம்மா ஒரு பலாப்பழத்தையும், ரயிலடிக்கு வரப் பிடித்த குடையையும் என் கையில் திணித்துவிட்டார். நீர் சொட்டுகிற கறுப்புக் குடை. வைக்க இடமில்லை, அம்மா திட்டிக்கொண்டே வந்தார். சன்னல் கம்பியில் மாட்டினேன். புனலூரில் சொட்டியது. குகை தாண்டிச் செங்கோட்டையிலும் ஈரம். தென்காசிக்குப் பிறகு துணி இறுகத் தொடங்கியது. சங்கரன்கோவில் வருவதற்குள் முறுமுறுவென்று காய்ந்து, மடிப்புகளில் புழுதி படிந்திருந்தது. என் சட்டையும்தான். அன்று வீசிக்கொண்டிருந்தது ஒரே காற்று, முதுகுக்குப் பின்னாலிருந்து, எங்களோடு கூடவே. நனைத்ததும் அதுதான், உலர்த்தியதும் அதுதான். அந்த வயதில் இதை வாயால் சொல்லத் தெரியாது. ஆனால் கைக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பாதையை அகலப்பாதையாக மாற்றி 2018-இல் முழுவதுமாகத் திறந்துவிட்டார்கள். குளிர்சாதனப் பெட்டியில் திறக்க முடியாத கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து போகிறவருக்கு ஒரு குடைகூடக் காயாது.

இப்போது உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். குடும்பத்தில் ஒரே ஒருவர் வால்பாறைக்குப் போய் வால்பாறையைப் பார்த்திருக்கிறார், அவரை நீங்கள் பாவம் என்கிறீர்கள். தேயிலைச் சரிவில் மழை சாய்ந்து வருவதையும், பனி இறங்கி மரங்களை விழுங்கித் திரும்பக் கொடுப்பதையும் அவர் நாற்காலி போட்டுப் பார்த்திருக்கிறார். அவரிடம் என்ன பார்த்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? நீங்கள் மலையைத் திரையரங்காக நினைத்துவிட்டீர்கள். காசு கொடுத்தாயிற்று, ஏழரை மணிக்குத் திரை விலக வேண்டும். விலகாவிட்டால் பணம் வீண். இதே ஜூலையில் குற்றாலத்துக்குப் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சாரல் இல்லை, அருவியில் நீர் இல்லை, சீசன் மோசம் என்று புலம்பியிருப்பீர்கள். அங்கே மழை வேண்டும், இங்கே மழை கூடாது. வானத்துக்கு எந்த ஊரில் என்ன செய்ய வேண்டும் என்று யார் அட்டவணை போட்டுக் கொடுப்பது?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாராவது என் பேச்சைக் கேட்டு மலையேறி மாட்டிக்கொள்ளக் கூடாது. சிவப்பு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. 2024 ஜூலை 30 விடியலில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் என்னவாயின என்று எல்லோருக்கும் தெரியும். மழையை ரசிப்பது வேறு, துணிச்சல் காட்டுவது வேறு.

சென்னையில் பருவம் இல்லையாம். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வானாய்வகம் கட்டினார்கள். நட்சத்திரம் பார்க்கும் வேலை 1899-இல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது, வெயிலையும் மழையையும் அளக்கிற வேலை இங்கேயே தங்கிவிட்டது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆட்கள் உட்கார்ந்து குறித்துவைத்த ஊர் இது. ஒன்றுமே மாறாத ஊரிலா குறித்துக்கொண்டிருந்தார்கள்?

மழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு இரண்டு மழைகள். ஆனியிலிருந்து புரட்டாசிவரை பெய்வது சாயங்கால மழை. பகல் முழுவதும் மேற்குக் காற்றும் கடற்காற்றும் மல்லுக்கட்டி, அவை முட்டிக்கொள்ளும் இடத்தில், அரக்கோணம் காஞ்சிபுரம் பக்கம், மேகம் கோபுரமாக எழும். பொழுது சாயச் சாய அது நம்மை நோக்கி நகரும். மேற்கே கறுக்கும், இடி முழங்கும், புழுதி கிளம்பும், பிறகு பெய்யும். ஆண்டு மழையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான் வருகிறது. ஐப்பசி மழையின் குணமே வேறு. அது கடலிலிருந்து வரும். பெரும்பாலும் பின்னிரவில், விடியற்காலையில், இடியின் ஆரவாரம் அதிகமில்லாமல், திடீரென்று சன்னலுக்கு வெளியே சோவென்று. அரை மணி பெய்து, விட்டு, மறுபடி பெய்யும். ஒன்று மேற்கிலிருந்து மாலையில், மற்றொன்று கிழக்கிலிருந்து விடியலில். கண்ணை மூடிக்கொண்டே எந்த மாதம் என்று சொல்லிவிடலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த பிறகு இந்த ஊர்க்காரர்களுக்கு மழை என்றால் பயம் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது, அது எனக்குப் புரிகிறது. மடிப்பாக்கத்துக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பயத்தோடு கவனமும் இருக்கலாம்.

இலையுதிர் காலம் வேண்டுமா? மாசி பங்குனியில் வேம்பு உதிர்வதைப் பாருங்கள். அரச மரம் மொட்டையாகி, சில நாட்களில் செம்புநிறத் தளிர் விடும். சித்திரையில் சரக்கொன்றை, வேப்பம்பூ. கார்த்திகை மழைக்குப் பிறகு மரமல்லி கொட்டிக்கிடக்கும் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. போகியன்று பனியும் புகையும் கலந்து மீனம்பாக்கத்தில் விமானங்கள் தாமதமாவது செய்தியிலேயே வருகிறது. பழைய இலக்கணக்காரர்கள் ஆனியையும் ஆடியையும் முதுவேனிலில் சேர்த்தார்கள். பள்ளி திறந்த பிறகும் வெயில் போகவில்லையே என்று நாம் ஆண்டுதோறும் புதிதாக வியக்கிறோம். உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பள்ளிக்கரணை இருக்கிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்த்த சதுப்புநிலம். மார்கழி தையில் அங்கே பூநாரைகளும் வாத்துகளும் வந்து நிற்கும். அந்தச் சாலையில்தானே தினமும் அலுவலகம் போகிறீர்கள்? கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பிறகு கட்டடத்துக்குள் 22 டிகிரியில் எட்டு மணி நேரம். அந்த அறைக்குள் பருவம் இல்லை என்பது உண்மைதான். பழியை ஊர்மேல் போடாதீர்கள்.

சரி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று அடுத்த கடிதம் வரும். சரியான மாதம் என்று ஒன்று கிடையாது. ஜூனிலிருந்து ஆகஸ்டுவரை கூடலூரும் வால்பாறையும் நனையும்போது, கிழக்குச் சரிவிலிருக்கும் குன்னூரும் கோத்தகிரியும் ஓரளவு தப்பித்துவிடும். வடகிழக்குப் பருவத்தில் தலைகீழ். குன்னூர்ப் பக்கம் மண் சரிந்து மேட்டுப்பாளையம் மலை ரயில் நின்றுபோவது அப்போதுதான். மே மாதத்தை எல்லோரும் சேர்ந்து கெடுத்தாகிவிட்டது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 முதல் இ-பாஸ் வாங்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. மூணாற்றில் நீலக்குறிஞ்சி வேண்டுமென்றால் 2030 வரை காத்திருங்கள், கடைசியாக 2018-இல் பூத்தது. தெளிவான வானம்தான் முக்கியம் என்றால் தையில் போங்கள், எல்லாம் நன்றாகத் தெரியும். வால்பாறைக்கு மட்டும், எச்சரிக்கை இல்லாத ஒரு ஜூலை வாரமாகப் பார்த்து மறுபடியும் போங்கள். அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவையும் அழைத்துப் போங்கள், நாற்காலி அவர் தேர்ந்தெடுத்த இடத்திலேயே இருக்கட்டும், பக்கத்தில் நீங்களும் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டுரையைத் தாராளமாக அனுப்பலாம். "இயற்கை எழில் கொஞ்சும்" என்று தொடங்கினால் இரண்டாவது வரிக்கு வர மாட்டேன். மழை எத்தனை மணிக்கு விட்டது, எந்தப் பக்கம் முதலில் வெளுத்தது, எந்த வளைவில் காது அடைத்துத் திறந்தது, அட்டை கடித்த இடத்தில் எவ்வளவு நேரம் ரத்தம் நிற்கவில்லை, இதையெல்லாம் எழுதுங்கள். படங்களை இணைக்க வேண்டாம். போன வாரம் ஒருவர் ஊட்டி ஏரியை எழுபது கோணங்களில் அனுப்பி என் மின்னஞ்சல் பெட்டியை அடைத்துவிட்டார்.