வால்வு கொம்பிரசர்: கேட்டவர்களுக்குத் திருகோணமலைப் பட்டறையிலிருந்து பதில்கள்

கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டிய காலத்தில் வால்வு, அதாவது ட்ரான்சிஸ்ரருக்கு முந்திய வெற்றிடக் கண்ணாடிக் குழாய், போட்ட அம்பிளிஃபயரில் கை பழகியவன் நான். இப்போது திருகோணமலையில் வீட்டோடு ஒரு சின்னப் பட்டறை. பாடகர் உச்சத்துக்குப் போகும்போது ஒலியைத் தானாகப் பிடித்து, இறங்கும்போது விட்டுக்கொடுக்கும் பெட்டிக்குப் பெயர் கொம்பிரசர். 1950களிலும் 60களிலும் அதை வால்வு போட்டுச் செய்தார்கள். அப்படி ஒன்றைத் திருத்தினேன் என்று தெரிந்த நாளிலிருந்து கேள்விகள் வந்து குவிகின்றன. எல்லோருக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

உப்புவெளியில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் தம்பி: ரொறன்ரோவில் இருக்கும் மாமா அல்டெக் 436 என்ற அமெரிக்க வால்வு கொம்பிரசர் ஒன்று அனுப்பியிருக்கிறார். 117 வோல்ற் என்று எழுதியிருக்கிறது. 230இலிருந்து 110க்கு இறக்கும் ட்ரான்ஸ்போமர் வாங்கிவிட்டேன். செருகலாமா?

வேண்டாம் தம்பி, பொறுங்கள். அந்தப் பெட்டி கடைசியாக எப்போது ஓடியது என்று மாமாவுக்கே தெரிந்திருக்காது. உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் எலக்ட்ரோலிற்றிக் கப்பாசிற்றர்கள் வருடக்கணக்காக மின்சாரம் காணாமல் காய்ந்து கிடக்கும். திடீரென்று முழு மின்சாரமும் கொடுத்தால் ஷோர்ட் ஆகிப் பவர் ட்ரான்ஸ்போமரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். கப்பாசிற்றர் கடையில் வாங்கலாம். அந்த ட்ரான்ஸ்போமரை எங்கே போய் வாங்குவது?

முதலில் ஒரு பல்ப் ஹோல்டரை மின்கம்பியில் தொடராக இணையுங்கள். 60 வாற் இழை பல்ப் வேண்டும், எல்ஈடி சரிவராது. இழை பல்ப் இப்போது கிடைப்பது அருமை என்பார்கள். கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பல்ப் ஒரு தரம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள், உள்ளே எங்கோ ஷோர்ட்.

அடுத்தது, பலர் மறந்துபோகும் விஷயம். அமெரிக்கப் பெட்டி 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தது, நம் மின்சாரம் 50. அதே வோல்ற்றில் இரும்புக் கருவுக்குள் காந்தப் பாய்வு ஐந்தில் ஒரு பங்கு கூடும், சூடும் கூடும். கணக்குப்படி 117க்குப் பதிலாக 97 வோல்ற் கொடுத்தால் கரு பழைய நிலையில் இருக்கும். ஆனால் 100 கொடுத்தாலே வால்வைச் சூடாக்கும் இழையான ஹீற்றருக்கு 6.3 வோல்ற் போகவேண்டிய இடத்தில் 5.4தான் போகும், அது போதாது. 110 கொடுத்தால் 5.9 வரும், வால்வு பொறுத்துக்கொள்ளும். நான் 110இல் ஓட்டி, ஒரு மணி நேரம் கழித்து மின்சாரத்தை நிறுத்திவிட்டு ட்ரான்ஸ்போமரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். கை தாங்கினால் சரி.

இரண்டு முள் கம்பியை வெட்டிவிட்டு மூன்று முள் போட்டு, எர்த்தைப் பெட்டியின் உலோகச் சட்டகத்தில் நேராக இணையுங்கள். மின்கம்பியிலிருந்து சட்டகத்துக்குப் போகும் சின்னக் கப்பாசிற்றர் ஏதாவது இருந்தால் முதல் வேலையாகக் கழற்றி எறியுங்கள். அது ஷோர்ட் ஆனால் பெட்டியைத் தொடுகிறவருக்கு ஷொக்.

மட்டக்களப்பிலிருந்து ஒரு மாணவி: பழைய கப்பாசிற்றர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? மாற்றினால் பழைய ஒலி போய்விடும் என்கிறார்களே, ஐயா?

"பழைய ஒலி" என்று சிலர் கொண்டாடுவதில் பாதி, டிசியைத் தடுக்காமல் ஒழுகவிடும் கப்பாசிற்றரின் ஒலிதான் தங்கச்சி. அந்தப் பெட்டி தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் அப்படிப் பாடவில்லை.

பவர் சப்ளையில் உள்ள எலக்ட்ரோலிற்றிக்குகளைக் கேள்வியில்லாமல் மாற்றுங்கள். மெழுகு பூசிய காகிதக் கப்பாசிற்றர்களையும் அப்படியே. மைக்காவும் செராமிக்கும் பெரும்பாலும் நம் ஆயுளையும் தாண்டும், விட்டுவிடுங்கள். சந்தேகமானதைச் சோதிக்க எளிய வழி உண்டு. அடுத்த வால்வின் கிரிட்டுக்கு (வால்வுக்குள் கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பிச் சுருள்) போகும் காலை மட்டும் கழற்றி, பெட்டியை ஓடவிட்டு, அந்தக் காலுக்கும் சட்டகத்துக்கும் நடுவே டிஜிற்றல் மல்ரிமீற்றரை டிசியில் வையுங்கள். நல்ல கப்பாசிற்றரில் மீற்றர் சற்று ஏறிவிட்டு மெல்ல மெல்லப் பூச்சியத்தை நோக்கி இறங்கும். ஒழுகுவதில் ஒரு இடத்தில் நின்றுவிடும். 20 வோல்ற்றில் நின்றதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். மீற்றரின் தடை 10 மெகாஓம் என்றால் ஒழுக்கு 2 மைக்ரோ அம்பியர். சின்னத் தொகைதான். ஆனால் 1 மெகாஓம் கிரிட் ரெசிஸ்ரரில் அது 2 வோல்ற் ஆகிவிடும். கிரிட் வோல்ற்றை வைத்தே ஒலியைப் பிடிக்கும் பெட்டியில் 2 வோல்ற் பிசகினால் மொத்த நடத்தையே மாறிவிடும்.

கவனம்: உள்ளே 300 வோல்ற் டிசி இருக்கிறது, பிளக்கைக் கழற்றிய பிறகும் நிற்கும். 10 கிலோஓம், 5 வாற் ரெசிஸ்ரர் ஒன்றின் இரண்டு முனையிலும் காப்பிட்ட கம்பி வைத்து, ஒவ்வொரு பெரிய கப்பாசிற்றரையும் பத்து விநாடி இறக்கிவிட்டு, மீற்றரால் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஸ்குறூ ட்ரைவரால் "டப்" என்று ஷோர்ட் பண்ணுவது வீரம் இல்லை.

மூதூரிலிருந்து: என் கொம்பிரசர் காலையில் ஒலியை நிதானமாக விடுகிறது. பின்னேரம் ஆனால் சட்டென்று விட்டுவிடுகிறது, பாட்டு மூச்சு வாங்குவதுபோல் கேட்கிறது. என்ன கோளாறு?

இதே வியாதியோடு ஒரு பெட்டி என்னிடம் வந்தது. வால்வைக் குறை சொன்னேன், மாற்றினேன். பிறகு டயோட் வால்வைக் குறை சொன்னேன், அதையும் மாற்றினேன். மூன்று நாள் போனது. கச்சான் காற்று அனலாக வீசும் மாதம். பின்னேரம் இரண்டு மணிக்குப் பட்டறைத் தகரம் வெந்துகொண்டிருக்கும்போதுதான் கோளாறு வரும், இரவில் எல்லாம் ஒழுங்கு. கடைசியில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஹெயார் ட்ரையரால் ஒவ்வொரு சாமானாகச் சூடு காட்டினேன். நேரத்தைத் தீர்மானிக்கும் கப்பாசிற்றரில் சூடு பட்டதும் மீற்றர் முள் துள்ளியது. முன்பு யாரோ திருத்தியவர் அங்கே ஒரு எலக்ட்ரோலிற்றிக்கைப் போட்டு வைத்திருந்தார்.

ஒலியை விடும் நேரம் என்பது கப்பாசிற்றரையும் ரெசிஸ்ரரையும் பெருக்கினால் வருவது. 1 மைக்ரோ ஃபரட்டும் 1 மெகாஓமும் என்றால் ஒரு விநாடி. எலக்ட்ரோலிற்றிக் சூட்டில் கூடுதலாக ஒழுகும். ஒழுக்கு என்பது பக்கத்தில் இன்னொரு ரெசிஸ்ரர் வைத்த மாதிரி, ஆகவே நேரம் குறைந்துவிடும். அந்த இடத்தில் ஃபில்ம் கப்பாசிற்றர் மட்டும் போடுங்கள். உருவம் பெரிதாக இருந்தாலும் எப்படியாவது இடம் பண்ணிப் போடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: சத்தமாக ஏதாவது வந்தவுடன் "தொம்" என்று ஒரு அடி கேட்கிறது.

வாரிமு வகைப் பெட்டியாக இருக்க வேண்டும். இந்த வகை வால்வில் கிரிட் கம்பியை ஒரே இடைவெளியில் சுற்றாமல் ஓரிடத்தில் நெருக்கியும் ஓரிடத்தில் அகற்றியும் சுற்றியிருப்பார்கள். கிரிட்டை மேலும் மேலும் எதிர்மறையாக்கினால், சட்டென்று அணையாமல் பெருக்கம் படிப்படியாகக் குறையும். வால்வின் இரண்டு பாதிகளும் எதிரெதிராக வேலை செய்வதால், இரண்டுக்கும் ஒன்றாகப் போகும் கட்டுப்பாட்டு வோல்ற் ட்ரான்ஸ்போமரில் கழிபட்டுவிடும். பாதிகள் ஒத்துப்போகாவிட்டால் மிச்சம் நிற்பதுதான் அந்தத் "தொம்".

"மச்ட் பெயர்", அதாவது ஒத்துப்போகும் சோடி, என்று விற்பதை அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலும் ஒரே ஒரு புள்ளியில் பார்த்துப் பொருத்தியதாக இருக்கும். நான் கிரிட்டில் மைனஸ் 2 வோல்ற்றிலும் மைனஸ் 10 வோல்ற்றிலும் இரண்டு பக்கக் கரண்டையும் எழுதிப் பார்ப்பேன். இரண்டிலும் ஒத்து வந்தால்தான் சோடி.

436இல் வரும் வாரிமு வால்வு 6பிசி8. கிடைக்காவிட்டால் ஈசிசி189 பாருங்கள், முள் அமைப்பு ஒன்றே, அதுவும் வாரிமு. ஆனால் பிளேட்டில் (வால்வின் வெளியீட்டு முனை) தாங்கும் வோல்ற் 6பிசி8ஐ விடக் குறைவு, அளந்துவிட்டுப் போடுங்கள்.

நிலாவெளியிலிருந்து: கோயில் கச்சேரிப் பதிவுகளில் தவில் அடிக்கும்போதெல்லாம் நாதஸ்வரமும் சேர்ந்து அமுங்கிவிடுகிறது. மாற்றியமைக்க முடியுமா?

முடியும். பெட்டியின் காது, அதாவது ஒலியின் அளவைக் கேட்டு எவ்வளவு பிடிப்பது என்று தீர்மானிக்கும் சைட்செயின் பகுதி, எல்லா அதிர்வையும் ஒரே மாதிரிக் கேட்கிறது, தவிலின் தொப்பிப் பக்கம்தான் அதை முந்திப் பிடித்து இழுக்கிறது. சைட்செயினுக்குத் தனி அம்பிளிஃபயர் உள்ள பெட்டி என்றால், அதன் வாசலில் 0.01 மைக்ரோ ஃபரட் ஃபில்ம் கப்பாசிற்றரும் தரைக்கு 100 கிலோஓம் ரெசிஸ்ரரும் வையுங்கள். ஏறத்தாழ 160 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை காதுக்கு மெதுவாகவே கேட்கும். பதிவாகும் ஒலியில் தவில் அப்படியே இருக்கும். ஒரு சுவிச்சும் போட்டுவிடுங்கள், தனிக்குரல் பதியும்போது தேவைப்படாது.

436இல் சைட்செயின் நேராகக் கடைசி வால்வின் பிளேட்டிலிருந்து வருகிறது. அங்கே இதைச் செய்யப்போனால் ஒலியைப் பிடிக்கும் வேகமும் சேர்ந்து மாறும். நான் செய்வதில்லை.

கொழும்பிலிருந்து: ஃபெயார்சைல்ட் 670 என்ற வால்வு கொம்பிரசர் ஒன்றை இங்கேயே செய்ய எவ்வளவு செலவாகும்?

ரைன் நார்மா வடிவமைத்த அந்தப் பெட்டியில் 20 வால்வு. ஒரு பக்கத்துக்கு மட்டும் 6386 என்ற வால்வு நான்கு வேண்டும், இப்போது ஒன்றின் விலையே தலையைச் சுற்ற வைக்கும். அது அவ்வளவு வேகமாகப் பிடிப்பதன் இரகசியம் வால்வில் மட்டும் இல்லை, சைட்செயினே ஒரு பவர் அம்பிளிஃபயர். ஐயா, முதல் பெட்டியாக அதைத் தொடாதீர்கள். லண்டனில் ஈஎம்ஐ இசைத்தட்டு நிறுவனத்தார் சாதாரண அல்டெக்கை எடுத்துத் தங்களுக்கு ஏற்றபடி திருத்தி, ஆர்எஸ்124 என்று பெயர் வைத்து, பீட்டில்ஸ் பாட்டுகளையே அதில் ஓட்டினார்கள். உள்ளீட்டில் அளவு குறைக்கும் சுவிச், ஒலியை விடும் நேரத்துக்குப் படிப்படியான சுவிச், இப்படித்தான் திருத்தினார்கள். இவை நம் கைக்கு எட்டும் வேலை.

கிண்ணியாவிலிருந்து: எல்ஏ-2ஏ கொம்பிரசர் கடற்கரைக் காற்றில் கெட்டுப்போகுமா?

அதன் உயிர் ரி-4 என்ற சின்ன டப்பாவில். உள்ளே மின்சாரம் பட்டால் ஒளிரும் தகடு ஒன்று, அதற்கு எதிரே வெளிச்சம் பட்டால் தடை குறையும் ஃபோட்டோ ரெசிஸ்ரர். பிடித்த ஒலியில் பாதியை 60 மில்லி விநாடியில் விட்டுவிட்டு, மிச்சத்தை ஒரு விநாடியிலிருந்து 15 விநாடி வரை இழுத்து விடுவது அந்த ரெசிஸ்ரரின் குணம். ஒளிரும் தகட்டுக்கு ஈரம் ஆகாது. மாரியில் பெட்டியை வாரம் ஒரு முறையாவது ஓடவிடுங்கள், வால்வின் சூடே ஈரத்தை விரட்டும். தகடு மங்கிவிட்டால் புது ரி-4 வாங்குவதுதான் வழி, பிரித்துத் திருத்தப் பார்க்காதீர்கள்.

வால்வு முள்ளிலும் சொக்கெற்றிலும் கறள் பிடித்தால் மண்தாள் போடவேண்டாம், மேல்பூச்சு போய்விடும். ஐசோபுரோப்பில் அல்ககோலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும். வால்வின் உச்சியில் வெள்ளிபோல் மினுங்கும் பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் போய்விட்டது, வீசிவிடுங்கள்.

அன்புவழிபுரத்திலிருந்து: இரைச்சல்.

கேள்வி இவ்வளவுதான், பதிலும் இவ்வளவுதான்: 50 ஹேர்ட்ஸ் என்றால் எர்த் அல்லது ஹீற்றர், 100 ஹேர்ட்ஸ் என்றால் பவர் சப்ளைக் கப்பாசிற்றர்.

மீண்டும் உப்புவெளித் தம்பி: எல்லாம் மாற்றிவிட்டேன், ஓடுகிறது. ஆனால் கொம்பியூற்றருக்குப் பதியும்போது மேல் ஸ்தாயி கூர்மையாகக் குத்துகிறது. முன்தகட்டில் துளை போட்டு ஒரு ரோன் கொன்ட்ரோல் வைக்கலாமா?

துளையை மறந்துவிடுங்கள். அந்த வெளியீட்டு ட்ரான்ஸ்போமர் 600 ஓம் சுமையை எதிர்பார்க்கிறது, கொம்பியூற்றருக்கு ஒலியைக் கொண்டுபோகும் உங்கள் இன்டர்ஃபேஸ் கொடுப்பது 10 கிலோஓம் அல்லது அதற்கு மேல். சுமை இல்லாமல் ட்ரான்ஸ்போமர் உச்சத்தில் கிணுகிணுக்கிறது. பின்பக்க வெளியீட்டு முனைகள் இரண்டுக்கும் குறுக்கே 620 ஓம் ரெசிஸ்ரர் ஒன்று சோல்டர் பண்ணுங்கள். ஒரு மாதம் அதில் பாட்டுப் பதியுங்கள். அதற்குப் பிறகும் ரோன் கொன்ட்ரோல் வேண்டுமென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், துளை போடாமல் பின்பக்கத்தில் வைக்க இடம் பார்க்கலாம்.