லாலிக்கு ஏன் மரண தண்டனை? கேள்வி பதில்

1758 முதல் 1761 வரை புதுச்சேரியில் பிரெஞ்சுப் படைக்குத் தலைமை தாங்கிய லாலி தொலாந்தாலைப் பற்றி வந்த கேள்விகள்.

முத்தியால்பேட்டை வாசகர்: வெள்ளை நகரத்தில் இவர் பெயரில் வீதி இருக்கிறதே, பிரெஞ்சுக்காரர்தானா சார்?

தகப்பனார் அயர்லாந்துக்காரர். லாலி 1702இல் பிரான்சின் ரோமான் ஊரில் பிறந்தார். 1745 ஃபோன்தெனுவா போரில் காட்டிய வீரத்துக்காகப் பதினைந்தாம் லூயி மன்னர் களத்திலேயே அவரைப் பிரிகேடியர் ஆக்கினார்.

தேவனாம்பட்டினம்: எங்கள் ஊர்க் கோட்டையை இடித்தது இவரா?

இவர்தான். 1758 ஏப்ரல் 28இல் புதுச்சேரியில் இறங்கினார், ஜூன் 2இல் ஆங்கிலேயரின் செயிண்ட் டேவிட் கோட்டை சரணடைந்தது. ஐந்தே வாரம்! பிறகு அதைத் தகர்த்தார். கெடிலம் கழிமுகத்தை ஒட்டி நீங்கள் பார்ப்பது மிஞ்சிய சிதிலம்.

மஞ்சக்குப்பம்: அவ்வளவு வேகமாக ஆரம்பித்தவர் ஏன் தோற்றார்?

பணமும் கப்பலும் இல்லை. முதல் காரணம் அதுதான், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்.

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கஜானா காலி. பணம் தேடித் தஞ்சாவூர் மீது படையெடுத்தார். மன்னர் முன்பு எழுதிக் கொடுத்திருந்த 56 லட்ச ரூபாய்ப் பத்திரத்தைக் காட்டி வசூல் செய்வது திட்டம். போகும் வழியில் நாகூரைக் கொள்ளையடித்தார்கள். கீவளூரில் கோயில் பிராமணர்களை ஒற்றர் என்று பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். இதை மன்னிக்கவே முடியாது. தஞ்சையில் வெடிமருந்து தீர்ந்துபோய், வெறுங்கையோடு திரும்பினார். பாரம் இழுக்கச் சாதி பாராமல் ஆட்களைப் பிடித்து வண்டியில் பூட்டியதால் ஊர்க்காரர்களின் உதவியும் போயிற்று.

கடற்படைத் தலைவர் தாஷே 1758 செப்டம்பரில் மொரீஷியஸுக்குக் கிளம்பிவிட்டார். டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார் லாலி. கடல் பக்கம் அடைக்கக் கப்பல் இல்லை. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் உதவிக்கு வந்ததும் முற்றுகை கலைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பிரெஞ்சுப் படையின் லொரேன் படைப்பிரிவு மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி என்று கலகம் செய்தது. 1760 ஜனவரி 22, வந்தவாசி. பிரெஞ்சு இடப்பக்கத்தில் வெடிமருந்து வண்டி மீது குண்டு விழுந்து வெடித்தது, அந்த அணி குலைந்தது. ஆங்கிலத் தளபதி அயர் கூட் வென்றார், பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார்.

வில்லியனூர்: புதுச்சேரி முற்றுகையில் தமிழ்க் குடிகள் கதி?

ஆங்கிலேயர் முற்றுகையில் உணவு தீர்ந்தபோது லாலி குடிகளைக் கோட்டைக்கு வெளியே விரட்டினார். ஆங்கிலேயர் வழிவிடவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவில் பல நாள் பட்டினியில் கிடந்தார்கள். இதைச் சொல்லாமல் லாலி வரலாறு எழுதுவது நியாயமில்லை. 1761 ஜனவரி நடுவில் நகரம் சரணடைந்தது. பாரதி பூங்கா இருக்கும் பக்கத்தில் நின்ற லூயி கோட்டையோடு ஊரையே ஆங்கிலேயர் இடித்துப் போட்டார்கள்.

நெல்லித்தோப்பு: பிறகு அவர் என்ன ஆனார் ஐயா?

கைதியாக இங்கிலாந்து போனார். தன் மீது பிரான்சில் துரோகக் குற்றம் சுமத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பதில் சொல்ல அவராகவே அனுமதி வாங்கிப் பாரிஸ் திரும்பினார். 1762இல் பஸ்தீய் சிறை. விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1766 மே 9இல், பேசவிடாமல் வாயைக் கட்டி, தலையை வெட்டினார்கள். வயது 64.

உப்பளம்: உண்மையிலேயே துரோகியா?

இல்லை. துரோகி தானாக வந்து நீதிமன்றத்தில் நிற்கமாட்டான். கம்பெனி ஊழலைக் களையச் சொல்லித்தான் பாரிஸிலிருந்து அனுப்பினார்கள். அதனால் ஆளுநர் லெரியும் ஆலோசனைச் சபையும் வந்த நாளிலிருந்தே பகை. இவர் வாயும் பொல்லாதது, எல்லாரையும் திருடர் என்று முகத்துக்கு நேரே சொன்னார். தோல்விக்குப் பொறுப்பேற்க ஒரு தலை வேண்டியிருந்தது. கொடுமைகளுக்காக விசாரித்திருந்தால் அது வேறு வழக்கு.

திருப்பாதிரிப்புலியூர்: தீர்ப்பு மாறியதா?

லாலியின் மகன் ஓயாமல் போராடினார், பிரெஞ்சு எழுத்தாளர் வால்தேர் அவருக்கு ஆதரவாக எழுதினார். 1778 மே மாதம் மன்னர் சபை தீர்ப்பை ரத்து செய்தது. வால்தேர் மரணப்படுக்கையில் அந்தச் செய்தியைக் கேட்டார். மே 30இல் காலமானார்.